வராத ஒன்பது சாவுகள்

“பழைய தாளெல்லாம் எனக்கு வேணும் சார். எனக்கு முன்னாடி இந்த வேலையைச் செஞ்சவங்க எழுதினது. ஒண்ணு விடாம.”

சுந்தரேசன் தேநீர் டம்ளரை உதடுவரை கொண்டுபோயிருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வெளியே ஆகஸ்ட் மழை ஓட்டின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

இதைத்தான் கேட்கவே கூடாது என்று ஒன்பது மாதத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டோரீன் சொல்லியிருந்தார். “ஃபேன் வேணுமா, கேளு. லீவு வேணுமா, கேளு, ரெண்டு திட்டுத் திட்டிட்டுக் குடுப்பார். பழைய தாளை மட்டும் கேக்காதே கண்ணு.”

“ஏன் மேடம்?”

“ஏன்னு கேக்காததாலதான் நான் பதினோரு வருஷமா இங்க இருக்கேன்.”

இன்று சனிக்கிழமை. அரைநாள் முடிந்து டோரீன் ஒரு மணிக்கே குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காக்ஸ் டவுனின் அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்குள் மமதாவும் சுந்தரேசனும்தான் மிச்சம். கேட்டில் காவல்காரர் கோவிந்தப்பா, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“எதுக்கும்மா இப்போ?” என்றார் சுந்தரேசன், ஒருவழியாக.

“என் தாள்ல யாருமே சாகல சார். அதுக்கு.”

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்காக அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தது ஓர் ஆட்டப் புத்தகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கற்பனையிலேயே ஆடுகிற ஆட்டம். நாலு வீரர்கள் ஒரு நிலவறைக்குள் இறங்குவார்கள், அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஆடுகிறவருக்கும் தெரியாது, ஆட்டுவிக்கிறவருக்கும் தெரியாது. இருபது முகமுள்ள பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் புத்தகத்தின் பட்டியலில் தேடினால் அது படிக்கட்டா, பத்தடி அகல நடையா, உள்ளே காத்திருப்பது எலியா, எலும்புக்கூடா, எத்தனை என்று தெரியவரும். இப்படிக் குருட்டாம்போக்கில் வருகிற எதிரி ரொம்ப லேசாக இருந்தால் ஆடுகிறவன் கொட்டாவி விடுவான். ரொம்பக் கனமாக இருந்தால் நாலு பேரும் செத்துப்போவார்கள், புத்தகத்தைத் தூக்கியெறிவான். இரண்டும் நடக்காமல் பட்டியலைத் திருத்திச் சமன்படுத்துவதுதான் மமதாவின் வேலை. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பகடையை உருட்டுவாள், அறை அறையாகத் தாளில் எழுதுவாள், யார் எவ்வளவு அடிபட்டார் என்று குறிப்பாள். சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: ஒவ்வோர் அறையும் வீரர்களின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுக்க வேண்டும், நாலு அறை தாண்டினால் ஓய்வு.

ஆஸ்டின் டவுன் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சின்னத்தாயி சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆயா. “எங்க ஹெட் நர்சு இந்தக் கணக்குதாண்டி வெச்சிருக்கா. சாகவும் விடமாட்டா, உக்காரவும் விடமாட்டா.” ஒவ்வொரு மோதலையும் ஆபீசில் என்கவுன்டர் என்பார்கள் என்றதும், “போலீசுக்காரன் சுடுவானே, அதுவா? நம்ம வூட்லயே மொதல் பி.எஸ்ஸி., அதுக்கா படிச்சே?” என்றாள்.

ஒவ்வொரு தாளின் தலையிலும் நாலு பெயர் எழுத வேண்டும். முதல் பெயர் சோதிப்பவரின் பெயராக இருக்க வேண்டும் என்பது அலுவலகப் பழக்கம். முதல் பெயர்தான் வரிசையில் முன்னால் நடக்கும். மற்ற மூவரும் அது போகிற இடத்துக்குப் பின்னாலேயே போயாக வேண்டும், நின்றுவிட முடியாது. மற்ற மூன்று பெயர் எதுவென்று கேட்டதற்கு, “ஏதாவது போடு, வெறும் பேர்தானே” என்றிருந்தார் சுந்தரேசன். மே மாதம் ஒருநாள் மமதா அந்த மூன்று வரியிலும் அப்பா, அம்மா, தம்பி சுனில் மூவரின் பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்து, ஒரு பிரதி வீட்டுக்கு எடுத்துப்போனாள். அம்மாவின் பெயர் அதுவரை ரேஷன் கார்டில் தப்பும் தவறுமாகக் கைக்கிறுக்கலில் இருந்ததோடு சரி. அச்செழுத்தில் யாரும் அடித்ததில்லை. சின்னத்தாயி அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எல்லாத் தாளிலும் அதே நாலு பெயர்தான்.

நேற்றோடு நூற்றிருபது நிலவறைகள் முடிந்தன. நேற்றுச் சாயங்காலம்தான் எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வோர் அறையிலும் ஐந்தில் ஒரு பங்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு தடவைகூட.

“நான் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவ சார். பகடை அப்படி விழாது. சராசரி அஞ்சுல ஒண்ணுன்னா, சில அறை கொல்லும், சில அறை சும்மா விடும். நூத்தியிருபதுல ஒன்பது தடவையாவது நாலு பேரும் செத்திருக்கணும். அந்த ஒன்பது எங்க போச்சு?”

சுந்தரேசன் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபத்துக்குப் பதில் கொடுக்க அவளிடம் நிறைய இருந்தது. அவரோ மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். சாவி ஈரமாக இருந்தது.

“ஸ்டோர் ரூம்ல இருக்கு. அங்கயே பாத்துட்டு வந்துடு.”

இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று அவள் நினைக்கவில்லை. வாங்கிய கை உள்ளங்கைவரை குளிர்ந்தது.

அவள் திரும்பிய அதே நொடியில் கரண்ட் போயிற்று. கூடத்தின் மின்விசிறி கடைசிச் சுற்றுகளைச் சுற்றி, கிறீச்சென்று ஒரு தடவை இழுத்து, நின்றது. மணி நாலுகூட ஆகவில்லை, ஆனாலும் மேகம் கவிந்து, கண்ணாடி ஓட்டின் வழியாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் கசிய, மேசைகளும் நாற்காலிகளும் அலமாரிகளும் தங்கள் நிழலோடு ஒட்டிப்போய் ஒரே கருப்பாக நின்றன. நனைந்த சுண்ணாம்பின் வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை, பல நாள் பூட்டிவைத்த ஈரத்துணி மாதிரி. கூடத்தைக் கடப்பதற்குள் அவள் முழங்கால்கள் கனத்தன. படிக்கட்டு ஏறியவள் மாதிரி மூச்சு வாங்கியது.

இந்த அலுப்பு புதிதில்லை. மூன்று மாதமாக வீட்டில் எல்லாருக்கும் இதுதான். பெயிண்ட் அடிக்கப் போகிற அப்பா ஏணியில் நாலு படி ஏறிவிட்டு இறங்கி உட்கார்ந்துவிடுகிறார். அம்மா விளக்கு வைத்ததும் சுருண்டு படுக்கிறாள். பி.யு.சி. படிக்கிற சுனில் புத்தகத்தின்மேலேயே தூங்கி, எச்சில் வழிய எழுந்திருக்கிறான். டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். நாலு பேருக்கும் ஒரே டானிக். எல்லாருக்கும் ஒரே மாதத்தில் எப்படி ரத்தம் குறையும் என்று அவள் கேட்டதற்கு, “நல்லா சாப்பிடுங்கம்மா” என்றார்.

கூடத்தை அடுத்து நீள நடை. ஒருபக்கம் ஜன்னலே இல்லாத சுவர். அதைத் தடவிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில், பின்னால், முன்னறைப் பக்கமிருந்து ஒரு சத்தம். மரத்தின்மேல் பிளாஸ்டிக் உருளும் சத்தம். உருண்டு, தட்டி, நின்றது.

“சார்?”

மழைதான்.

நடை முடிந்தபோது சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இரண்டும் யாரோ உட்கார்ந்து எழுந்தது போலக் கடுத்தன. சமையலறையில் யாரும் சமைப்பதில்லை. கல்தொட்டியில் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே இன்னொரு பங்கு போயிற்று. அவளுக்கு அது உடம்பிலேயே தெரிந்தது, எண்ணாமலே. கூடம், நடை, சமையலறை. மூன்று.

மறுபடியும் அந்தச் சத்தம். உருண்டு. தட்டி. நின்று.

ஸ்டோர் ரூம் பூட்டு உடனே திறந்துகொண்டது. மேலே ஒரு கையகல ஜன்னல். அந்த வெளிச்சத்தில் அலமாரியும் அதில் இரண்டு கட்டுகளும் தெரிந்தன. முதல் கட்டில் பாலகுமார் என்று எழுதியிருந்தது. அடுத்ததில் வித்யாலட்சுமி. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்: சேலத்துப் பெண், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவள். வராந்தாவின் செருப்பு மாடத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு எப்போதும் புழுதி மூடிக் கிடக்கும், ஒன்று ஆண் செருப்பு, ஒன்று பெண் செருப்பு. யாருடையது என்று ஒருநாள் கேட்டதற்கு, “விட்டுட்டுப் போனவங்களுது” என்று டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செருப்பை விட்டுவிட்டு யார் வேலையை விட்டுப் போவார்கள்?

தரையில் உட்கார்ந்துதான் படிக்க முடிந்தது. நிற்கக் கால் வரவில்லை. வித்யாலட்சுமியின் எழுத்து குண்டுகுண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் எழுத்து. ஒரு தாள், பத்துத் தாள், ஐம்பது. ஐந்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு. நூற்றிருபது வரை ஒரு சாவுகூட இல்லை.

நூற்றிருபத்தொன்று கடைசித் தாள். அதன் தலையில் மூன்று கற்பனைப் பெயர்கள் அடித்து நீக்கப்பட்டிருந்தன. வித்யாலட்சுமி மட்டும். ஒற்றை ஆள். கீழே அதே குண்டு எழுத்தில், ஆனால் கோடு விட்டுக் கோடு சரிந்து: முதல் அறை, ஓட்டுக் கூடம், மின்விசிறி. இரண்டாம் அறை, நீள நடை, ஜன்னல் இல்லை. மூன்றாம் அறை, கல்தொட்டி. நான்காம் அறை, அலமாரி, கையகல ஜன்னல்.

நாலுக்கு அப்புறம் ஓய்வு. அதுதான் விதி. இங்கே ஐந்தாவது என்று ஒரு வரி இருந்தது.

ஐந்தாம் அறை, மேற்குச் சுவரில் கதவு. எதிரிகள்: ஒன்பது தடவை வராதவை எல்லாம்.

அதற்கப்புறம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பேனா கோடாக இழுபட்டுத் தாளைவிட்டே போயிருந்தது.

பாலகுமாரின் கடைசித் தாளையும் இழுத்துப் பார்த்தாள். அதே நாலு அறை. அதே ஐந்தாவது.

மமதா மேற்குச் சுவரைப் பார்த்தாள். கதவு இல்லை. வெள்ளையடித்த வெறும் சுவர். ஆனால் அந்த வெள்ளையில் ஓர் இடம் மட்டும் காயாமல், ஆள் உயரத்துக்கு, நீள்சதுரமாக ஈரம் ஊறியிருந்தது. ஈரத்துணி வாசனை அங்கிருந்துதான் வந்தது. நடுவில் கைப்பிடி இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு நனைந்த விரல் தடம்.

உள்பக்கமிருந்து.

முன்னறையில் பகடை உருண்டது. இந்தத் தடவை நிற்கவில்லை.

அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. அம்மா காய்ச்சலோடு டியூட்டிக்குக் கிளம்புவாளே, அந்த மாதிரி. பலம் இருந்ததால் இல்லை, வேறு வழி இல்லாததால். சமையலறை. நடை. கூடம். சுவரில் கை வைக்கவில்லை.

சுந்தரேசன் அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில், தேநீர் டம்ளரைச் சுற்றி. மேசைமேல் பகடை ஒரு முனையில் நின்று தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு புதுத் தாள். நூற்றிருபத்தொன்று. மை காயவில்லை. அவளுடைய கையெழுத்து.

அவள் எழுதவில்லை.

நாலு பெயர். மமதா. அப்பா. சின்னத்தாயி. சுனில். முதல் அறை: பத்தடிக்குப் பத்தடி. தகரக் கதவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் புத்தர் காலண்டர். தலையணைக்கடியில் ஒரு தாள்.

எதிரிகள் என்ற இடம் காலி. பகடை அதற்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“வீட்ல எல்லாரும் இருக்காங்களா இப்போ?” என்றார் சுந்தரேசன். மெதுவாக, விசாரிக்கிற மாதிரி.

“சனிக்கிழமை. இருப்பாங்க.” அவள் குரல் யாருடையதோ போல இருந்தது. “உங்களுக்குத் தெரியும்.”

“பாலகுமாரும் வித்யாலட்சுமியும் தங்க பேரை மட்டும் போட்டாங்க. மத்த மூணும் கற்பனைப் பேரு. வீட்டு ஆளுங்களை எழுதின மொத ஆளு நீதான்மா. நான் கவனிச்சபோது முப்பது தாள் ஆயிடுச்சு.”

“கவனிச்சுட்டுச் சும்மா இருந்தீங்க.”

“புத்தகம் நல்லா வரணும்ல? வாங்கி ஆடறவன் சாகக் கூடாது. அந்தச் சாவு எங்கயாவது போய்த்தானே ஆகணும்? எழுதற கை பக்கத்துல இருக்கு. அங்க போகுது.” அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “நீ வீட்டுக்குப் போவே. நீ போற இடம்தான் அறை.”

பகடை வேகம் குறைய ஆரம்பித்தது.

மமதா பேனாவை எடுத்தாள். சுனிலின் பெயரை அடித்தாள். சின்னத்தாயியை அடித்தாள், தாள் கிழிகிற அளவுக்கு. அப்பாவை அடித்தாள். அடித்த ஒவ்வொரு பெயருக்கும் தோளில் ஒரு கனம் கூடியது. முதல் பெயர் மட்டும் மிச்சம். அதன்மேல் பேனாவை வைத்து இழுத்துப் பார்த்தாள். மை ஒட்டவில்லை. கண்ணாடிமேல் எழுதியது போல வழுக்கியது.

“அது போகாது,” என்றார் சுந்தரேசன். “அவங்களும் இழுத்துப் பாத்தாங்க.”

வித்யாலட்சுமி இந்த இடத்தில்தான் நின்றிருப்பாள். பரிசு வாங்கிய கையெழுத்தோடு. நல்ல பெண். யாரையும் குறை சொல்லாமல் தனியாகப் போனவள்.

மமதாவை இதுவரை யாரும் நல்ல பெண் என்று சொன்னதில்லை.

இரண்டாவது வரியில் எழுதினாள். பெரிய எழுத்தில். சுந்தரேசன்.

மை ஒட்டியது.

அவர் சிரித்தார். “என்னம்மா இது, விளையாட்டு?”

“வெறும் பேர்தானே சார்.”

மூன்றாவது வரிக்குப் பேனா தானாக நகர்ந்தது. டோரீனின் பெயர் நுனிவரை வந்தது. கேட்காதே என்று சொன்னவர். ஏன் என்று சொல்லாதவர். மமதா பேனாவை வைத்துவிட்டாள். மூன்றும் நாலும் காலியாகவே கிடக்கட்டும்.

பகடை விழுந்தது. என்ன எண் என்று அவள் பார்க்கவில்லை. சுந்தரேசன் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. முழுக்க அல்ல, உதட்டில் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.

அவள் முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குப் போவதில்லை. இன்றைக்கும் இல்லை, இனி எப்போதும் இல்லை. பையை எடுக்கவில்லை. கதவைத் தாண்டினாள்.

பின்னால் நாற்காலி இழுபட்டது.

“மமதா… நில்லும்மா. என் காலு…”

நிற்கவில்லை. அவர் காலடி மூன்றடி தள்ளி வந்துகொண்டே இருந்தது. அவள் வேகத்துக்கு. அவள் எட்டு வைத்தால் ஓர் எட்டு. டம்ளர் அவர் கையிலேயே இருந்திருக்க வேண்டும். தேநீர் சிந்தும் சத்தம் கேட்டது.

வராந்தா. செருப்பைப் போட்டாள். மாடத்தைப் பார்த்தாள். புழுதியில் இரண்டு ஜோடிப் பாத வடிவம் சுத்தமாக இருந்தது. செருப்பு இல்லை.

மழை முகத்தில் அறைந்தது. கேட்டில் தகரக் கூரைக்கடியில் கோவிந்தப்பா நோட்டைத் திறந்தார்.

“மளெ நிக்கட்டும்மா, எங்க இவ்ளோ அவசரமா…” தலை நிமிர்ந்தார். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பேனா நின்றது. “ஏனம்மா… நீயும் சாரும்தானே உள்ள இருந்தீங்க? பின்னால வர்ற ரெண்டு பேரு எப்போ உள்ள போனாங்க?”

அவள் திரும்பவில்லை. கேட்டது. ஈரத் தரையில், அவருடைய காலடிக்கும் பின்னால், இரண்டு ஜோடிப் பழைய செருப்பு. சளப். சளப். வரிசை தவறாமல், மூன்றாவதும் நாலாவதுமாக.

வலது பக்கம் ஆஸ்டின் டவுனுக்குப் போகிற பஸ். இடது பக்கம் முட்டுச்சந்து. முப்பதடியில் வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர், அதில் காலையில் ஒன்றுமே இல்லை. இப்போது மழை அந்தச் சுவர் முழுவதையும் நனைத்திருந்தது, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு நீள்சதுரம் மட்டும் இன்னும் கருப்பாக, இன்னும் ஈரமாக, ஒரு விரற்கடை உள்வாங்கித் திறந்திருந்தது.

மமதா இடது பக்கம் திரும்பினாள். நாலு பேரும் திரும்பினார்கள்.